நத்தையின் அணி

"நத்தை கேப்டனா? அப்போ ஆட்டம் அடுத்த வருஷம்தான் முடியும்!"

மைதானத்தில் நின்ற பெண்பிள்ளைகளின் வரிசையே குலுங்கிச் சிரித்தது.

விளையாட்டு டீச்சர் விசில் ஊதி அடக்கினார். யாரையும் திட்டவில்லை. திட்டக் கூடாது என்று நேற்றுதான் பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்து துன்புறுத்துவதைத் தடுப்பது எப்படி என்று நாள் முழுக்க நடந்த பயிற்சி அது. குளிரூட்டிய அறை, திரையில் வண்ணப் படங்கள், நடுவே பலமான சாப்பாடு. சாயங்காலம் வெளியே வந்த ஆசிரியர்கள் எல்லோருடைய தோளிலும் "அன்பே எங்கள் வழி" என்று ஒரு பேட்ஜ் குத்தியிருந்தது. அதோடு பள்ளியில் கொடுமை ஒழிந்துவிட்டது என்று தலைமையாசிரியை முடிவு செய்துவிட்டார்.

ஒழிந்ததற்கு ஒரு சாட்சிதான் பாக்கி. இன்று விடிந்ததுமே தலைமையாசிரியை போனில் கூப்பிட்டார்.

"நாளைக்குக் கூட்டத்துல சொல்றதுக்கு உருக்கமா ஒரு சம்பவம் வேணும் டீச்சர். பெத்தவங்க எல்லாம் வர்றாங்க. உங்க பீரியட்லதான் ஏதாவது நடக்கும்."

உருக்கமான சம்பவம் என்ன கடையிலா விற்கிறது? டீச்சர் காலையில் சாமி கும்பிடும்போது அதையும் ஒரு வேண்டுதலாகச் சேர்த்துக்கொண்டார்.

ஆட்டம் எளிமையானது. வட்டத்துக்குள் ஓர் அணி, வெளியே ஓர் அணி. வெளியே நிற்பவர்கள் பந்தை எறிந்து உள்ளே இருப்பவர்களை அடிக்க வேண்டும். இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுப்பார்கள். கடைசியில் மிஞ்சுவது எப்போதும் நத்தைதான். அவளை யாரும் எடுப்பதில்லை. யார் தலையிலாவது கட்டப்படுவாள்.

வட்டத்துக்குள் இறங்கிவிட்டாலோ அவளுக்குத்தான் மவுசு. பந்து வேறு யாரையும் தேடாது. போன வாரம் உதடு வீங்கியது. "விளையாட்டுன்னா படத்தான் செய்யும்மா" என்று ஐஸ் வைத்தவர் இதே டீச்சர்தான்.

அந்தப் பந்து பெரும்பாலும் கிளம்புவது ஒரு நெட்டைப் பெண்ணின் கையிலிருந்து. நத்தை என்று பெயர் வைத்த புண்ணியவதியும் அவளே. அவளை நெட்டை என்று டீச்சர் மனத்துக்குள் மட்டும்தான் சொல்லிக்கொள்வார். வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் கிடையாது. வைத்துவிட்டு யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

"ஒதுக்கப்படும் குழந்தையிடம் தலைமையைக் கொடுங்கள், அற்புதம் நடக்கும்" என்றது நேற்றைய திரை. கொடுத்தாகிவிட்டது.

"நீ ஃபர்ஸ்ட் எடும்மா."

நத்தை யோசிக்கவேயில்லை. விரலை நீட்டினாள். நெட்டையை நோக்கி.

வரிசையில் எல்லோரும் நெட்டையைப் பார்த்தார்கள். நெட்டையே ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள், தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களோ என்று.

டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். இத்தனை பேர் நிற்க, தன்னை அடித்தவளையே கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறதே இந்தப் பிள்ளை! சாமி இவ்வளவு சீக்கிரம் காது கொடுப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நாளைய பேச்சு தானாகவே ஊறி வந்தது. 'பெற்றோர்களே, மன்னிப்பு என்றால் என்னவென்று ஒரு பிஞ்சு விரல் எனக்குக் காட்டியது.' இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும். கைதட்ட நேரம் கொடுக்க வேண்டும்.

ஆட்டம் தொடங்கியது. வெளியே நின்று நெட்டை எறிந்த எறியில் எதிரணி சிதறி ஓடியது. நத்தை வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்குப் பல்வரிசை இத்தனை அழகு என்பதே டீச்சருக்கு அன்றுதான் தெரிந்தது.

அவளை ஓரமாக அழைத்தார். பேச்சை முடிக்க இன்னும் ஒரு வரி தேவைப்பட்டது.

"அவ உன்னை எவ்வளவு அடிச்சிருக்கா! அவளையே எடுத்தியே, உனக்குக் கோபமே வரலையாம்மா?"

நத்தை அவரை ஒரு மாதிரி பார்த்தாள். ஆட்டத்தின் விதியே தெரியாமல் விசில் ஊதுகிறவரைப் பார்ப்பது போல.

"நம்ம டீம்ல இருந்தா நம்மள அடிக்கக் கூடாதுல்ல டீச்சர்? அதான் எடுத்தேன்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சாயங்காலம் ஸ்கூல் பஸ்லயும் டீம் பிரிச்சு விடுவீங்களா?"

டீச்சர் அவளுடைய சட்டைக் கையைத் தற்செயலாகச் செய்வது போல மேலே ஒதுக்கிப் பார்த்தார். தோளுக்குக் கீழே, பந்து படாத இடத்தில், விரல் விரலாகக் கன்றிப்போயிருந்தது.

நாளைய கூட்டத்தில் சொல்ல அவரிடம் இனி எதுவும் இல்லை. தலைமையாசிரியை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வைத்துக்கொள்ளட்டும்.

மாலை மணி அடித்ததும் டீச்சர் தன் ஸ்கூட்டரைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு, தன் வீட்டுக்கு நேர் எதிர்த்திசையில் போகும் பள்ளிப் பேருந்தில் ஏறினார். கடைசி இருக்கைவரை நடந்தார். அங்கே ஜன்னலோரமாக ஒடுங்கியிருந்தாள் நத்தை. அவளை ஒட்டி நெட்டை.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று இருவருக்கும் நடுவில் இடம் பிடித்தார். "இந்த பஸ்ல நாம மூணு பேரும் ஒரே டீம்."