யாருக்கோ ஒரு உச்சு

கோயில் சுவரில் இருந்த பல்லிச் சபையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மனிதர்களுக்குச் சகுனம் சொல்ல மட்டும்தான் உச்சுக்கொட்டலாம். அதுவும் பெரிய பல்லி வாலை ஆட்டிய பிறகுதான். சொந்த ஆசைக்குக் கொட்டினால் நாக்கு அழுகிவிடும் என்பார்கள்.

“பெரியவருக்கு யாரு வாலை ஆட்டுறாங்க?” என்று குட்டிப் பல்லி பொட்டு ஒருநாள் கேட்டுவிட்டாள். அதற்காக அவளைப் பட்டினி போட்டார்கள். அன்றைக்கே அப்பா விட்டப்பன் பெண்டாட்டி பிள்ளையோடு கிளம்பி, ஒரு புரோட்டாக் கடை டியூப்லைட்டுக்குப் பின்னால் குடியேறினான். பயமும் கூடவே வந்திருந்தது. மூவரும் உச்சுக்கொட்டவே இல்லை.

மழை விட்ட ஒரு சாயங்காலம் ஈசல் கொட்டோகொட்டென்று கொட்டியது. வயிறு முட்டத் தின்றார்கள்.

“அப்பா, நன்றி சொல்லணும்போல இருக்கு. யார்கிட்ட சொல்றது?”

“ஈசல்கிட்டயே சொல்லேன்” என்றாள் அம்மா பூவாயி.

“அதைத்தான் தின்னுட்டோமே.”

சபையில் என்றால் பெரியவரைக் கேட்டிருக்கலாம்.

“எனக்குத் தெரியலைம்மா” என்றான் விட்டப்பன். “நீ சொல்லு. வாங்கிக்க வேண்டியவங்க வாங்கிக்கட்டும்.”

பொட்டு உச்சுக்கொட்டினாள்.

விட்டப்பன் பதறிப்போய், “நாக்கை நீட்டு” என்றான். நீட்டினாள். நாக்கு ரோஜா நிறத்தில் பளபளவென்று இருந்தது. அதாலேயே தன் கண்ணை ஒரு தடவை துடைத்துக்கொண்டாள்.

கீழே மாவு பிசைந்துகொண்டிருந்தவர், “பாத்தியா, பல்லியே சொல்லிடுச்சு” என்று யாரிடமோ சந்தோஷமாகச் சொன்னார். என்ன விஷயமென்று விட்டப்பன் கவனிக்கவில்லை. சுவரோடு வயிற்றை ஒட்டிக்கொண்டு, மகளுக்குப் பக்கத்தில் அவனும் உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தான்.