அம்புக்குறி

தேவன் அண்ணன் ஃபேக்டரி ஸ்டோரில் உட்கார்ந்திருந்தால் அன்றைக்குக் கூலிம் ஊரில் மழைதான். பிளாஸ்டிக் பையில் கயிறு கட்டிய, பால் ஊற்றாத கோப்பி-ஓ கையில், ஊர்க்கதை வாயில். ஒரு நாளைக்கு நாலு பிரிவையாவது சுற்றாவிட்டால் ஆளுக்குத் தூக்கம் வராது.

அதைப் பார்த்தாலே காஞ்சனாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆபீஸில் அவள் ஒரு மாதமாகக் கம்பெனியின் ஆண்டறிக்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் வெறும் லாப நஷ்டம் போதாதாம். ஒரு பிரிவு எடுக்கிற முடிவு மற்ற பிரிவை எப்படித் தொடுகிறது, கம்பெனி எப்படி ஒன்றாக யோசிக்கிறது என்றெல்லாம் காட்டணுமாம். பேரே ஒருங்கிணைந்த அறிக்கை.

பஸ், கேன்டீன், ஸ்டோர் என்று ஒவ்வொரு இடமாகப் போய், ஓவர்டைம் வந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். எல்லா இடத்திலும் ஒரே பதில்.

"அதெல்லாம் தெரிஞ்சிடும்லா."

அடேயப்பா, என்ன ஒற்றுமை என்று பூரித்துப்போனாள். உற்பத்திப் பிரிவையும் சேர்த்து நாலு வட்டம் போட்டு, ஒன்றுக்கொன்று அழகாக அம்புக்குறி இழுத்தாள். மேனேஜர் சத்தியசீலனுக்கு வாயெல்லாம் பல். சந்தடி சாக்கில் தேவன் அண்ணன் ஊர் சுற்றுவதையும் அவர் காதில் போட்டுவைத்தாள்.

திங்கட்கிழமையே உத்தரவு வந்துவிட்டது. தேவன் ஸ்டோரை விட்டு நகரக்கூடாது. மனுஷன் கோப்பிப் பையை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை ஷிப்டுக்கு அரைமணி ஓவர்டைம். மூன்றரைக்கு வெளியே வந்து பார்த்தால் கேட்டில் பஸ்ஸைக் காணோம். மூன்று மணிக்கே காலியாகக் கிளம்பிப் போயிருந்தது. கேன்டீனும் பூட்டியாச்சு. கொட்டுகிற மழையில் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வரும் பெண்கள் முப்பது பேர் நின்றார்கள். நாலு மணிக்கு மேல் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையே என்று பிரேமாவதி அக்கா அழுதேவிட்டாள்.

 காஞ்சனா பஸ் ஓட்டும் ஜைனலுக்குப் போன் போட்டுப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"ஓவர்டைம்னு உங்களுக்குத் தெரியாதா, பாய்?"

"இதோ திரும்பி வந்துகிட்டே இருக்கேன், தங்கச்சி. ஆனா எனக்கு எப்படித் தெரியும்? மூணு நாளா தேவன் கோப்பியத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கமே வரலியே."