இரண்டாவது சங்கிலி

கட்டை துண்டாகி விழ, சங்கிலி ரம்பம் நின்றது. அவள் கையிலிருந்த கைபேசி ஒன்பது வினாடி காட்டியது.

"எவ்வளவு?" என்றார் கணவர், காதுக் கவசத்தைக் கழற்றிக்கொண்டே.

"பதினாலு."

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவருக்கு அவள் சொன்ன முதல் பொய் அதுதான். சொன்ன பிறகு கைபேசியைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள், திரையில் ஏதோ ஒட்டியிருப்பது போல.

"முதல் செயினுக்குப் பன்னெண்டு. இதுக்குப் பதினாலா?" அவர் நெற்றியைச் சுருக்கினார். "கையப் புடிச்சு இழுத்துச்சே. இதுதான் வேகமா இருக்கும்னு நெனச்சேன். எதுக்கும் இன்னொரு தடவ பாப்போம்."

மறுபடியும் ரம்பம் அலறியது. அதே கட்டை, அதே தடிமன். இந்த முறை ஒன்பது வினாடிகூட ஆகவில்லை. அவள் "பதிமூணு" என்றாள். இரண்டாவது பொய் தயங்காமல் வந்தது. அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

லாரியில் கயிற்றுச் சுருளை ஏற்றிக்கொண்டிருந்த தம்பி சிரித்தான். "அக்கா சொன்னா சொன்னதுதான் மாமா. அதுக்கு மேல அப்பீல் கெடையாது. வீட்டுக்குள்ளயும் அப்படித்தானே?"

"வாயக் கீழ வச்சுட்டு மேல ஏறுடா இன்னைக்கு. மொத நாளே கால் நடுங்காம இருந்தா சரி."

"அது நேத்துல இருந்தே நடுங்குது மாமா. இன்னைக்குக் கொஞ்சம் பழகிருச்சு."

பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்தவனை மரம் வெட்டுகிற வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கணவரிடம் கேட்டது அவள்தான்.

கடைக்காரர் இரண்டு சங்கிலிகளைப் பெயர்ச்சீட்டு இல்லாமல் கொடுத்துவிட்டிருந்தார். எது நன்றாக வெட்டுகிறது என்று சொன்னால் அதையே வரவழைப்பாராம். பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன, கணவர் கண்ணுக்கு. கிட்டத்தில் இருப்பது எதுவும் தெரியாமல் போய் இரண்டு வருடமாகிறது. கண்ணாடி போட்டால் வயசாகிவிடும் என்பார். அதனால் சங்கிலிப் பல்லை அராவித் தீட்டுகிற வேலை முழுக்க அவளுடையது.

ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலும் ஒரு சின்ன மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்யும். இரண்டாவது சங்கிலியை நேற்று நகத்தால் தடவிப் பார்த்தபோது மேடு இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. அப்படிப்பட்ட சங்கிலி பறந்து பறந்து வெட்டும். ஆனால் ரம்பத்தின் நுனி ஒரு கிளையில் பட்டால் போதும், பிடித்திருப்பவன் முகத்துக்கே எகிறும்.

போன வருடம் எகிறியது. அவள் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் அவருடைய காதுக் கவசம் வந்து விழுந்தது. பிறகு மழைத்துளி போல ஏதோ அவள் கையில் தெறித்தது. மழை இல்லை. தோள்பட்டையிலிருந்து மார்பு வரை பதினேழு தையல்.

சொல்லிப் பார்க்கலாம்தான். அப்போதும் மேடு குறைவு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். "பல்லுக்குப் பசி இருந்தாத்தான்டி வேல ஓடும்" என்று சிரித்தார். இன்றைக்கோ பெரிய மரம். சாலையை இரண்டு மணி நேரம்தான் அடைத்துத் தருவார்கள். எது வேகமோ அது எனக்கு என்று காலையிலேயே சொல்லிவிட்டார். மேடு குறைவு என்று சொன்னால் ஆசையாக அதைத்தான் எடுத்து மாட்டுவார்.

கட்டைக்கு அடியில், வேகமாக வெட்டியதற்கு அடையாளமாக, பெரிய பெரிய மரச்சில்லுகள் விழுந்து கிடந்தன. அவர் கண்ணில் படாமல் அவள் அவற்றின் மேல் போய் நின்றுகொண்டாள்.

"சரி, நீ சொன்னா சரிதான்" என்றார் அவர். "மொத செயினே இருக்கட்டும்."

"அப்ப நான் முன்னாடி போறேன் மாமா" என்றான் தம்பி. "கயிறக் கட்டி, நீங்க வர்றதுக்குள்ள கீழ்க்கிளையெல்லாம் எடுத்துடுறேன்."

அவள் சமையலறைக்குப் போனாள். டீக்குத் தண்ணீர் வைத்தாள், மதியச் சாப்பாட்டை டப்பாவில் அடைத்தாள். கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. வெளியே தம்பி லாரியை எடுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. நம்புகிறவரை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. அவர் முழுசாகத் திரும்பி வரட்டும், ராத்திரி எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். திட்டட்டும். திட்டுவதற்கு ஆள் இருந்தால் போதும்.

அரை மணி கழித்து டீயோடு வந்தபோது அவர் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய ரம்பம். அவள் குனிந்து சங்கிலியை நகத்தால் தடவினாள். மேடு தட்டுப்பட்டது. ஒவ்வொரு பல்லுக்கும் தட்டுப்பட்டது. 

இனி அந்த இரண்டாவதை இரும்புக் கழிவோடு போட்டுவிட வேண்டும், நாளைக்கு அவர் கையில் சிக்காமல். மேசையைப் பார்த்தாள். சங்கிலி வந்த காலி டப்பாதான் இருந்தது.

"ஏங்க, அந்த இன்னொரு செயின் எங்க?"

அவர் டீயை வாங்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். எப்போதாவதுதான் அப்படிக் கனிவாகப் பார்ப்பார்.

"காலைலேர்ந்து உன் கை நடுங்குறதப் பாத்துட்டுதான் இருக்கேன். உன் தம்பி மொத தடவ ஏறுறான்னு பயம், அதானே?"

அவள் மறுபடியும் அந்தக் காலி டப்பாவைப் பார்த்தாள்.

"பயப்படாத. அந்த மெதுவா வெட்டுற செயினத்தான் அவன் மெஷின்ல மாட்டி அனுப்பியிருக்கேன்."