ஆளில்லாத படங்கள்

ஆசியா முழுக்கச் சுற்றுகிறவர்களின் இணையக் குழுவில் கேமராக்காரனின் படங்களுக்குத் தனி மவுசு. அதே குழுவில் இருந்த அக்காவோ, யார் எங்கே போனாலும், "ஸ்டேஷனையும் கடைத்தெருவையும் படம் எடுத்துப் போடுங்க" என்று நச்சரிப்பாள்.

இன்றுதான் முதன்முதலாக அவள் வீட்டுக்கு வந்திருந்தான்.

"நீங்க எத்தனை நாடு பாத்திருக்கீங்க அக்கா?"

"எனக்குப் பாஸ்போர்ட்டே இல்லப்பா." அவன் ஃபோனை வாங்கி, ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி மூலைமுடுக்கெல்லாம் தேடினாள். "உன் படத்துல மட்டும் ஏன் ஈ காக்கா கூட இல்ல?"

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "குறுக்க நிக்கற ஆளுங்களை அழிச்சுடுவேன்க்கா. அழிக்கறதுக்கு முந்தின படத்தை வச்சுக்கறதே இல்ல."

அவள் முகம் சுண்டிப்போனது. சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினாள். "என் தம்பி. ஊர் சுத்தப் போனவன், மூணு வருஷமா தகவலே இல்ல. யார் படத்துலயாவது மாட்டுவானான்னு பாக்கறேன்."

கன்னத்தில் பெரிய மச்சம். கேமராக்காரன் கிட்டே போய்ப் பார்த்தான். போன பயணத்தில் ஏதோ ஒரு ஸ்டேஷன் பெஞ்சிலிருந்து, அரை மணி நேரம் மெனக்கெட்டு அழித்த முகம்!

ஃபோனைப் பிடுங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

ஆறு நாடு, நாற்பது ஸ்டேஷன். எல்லா பெஞ்சுகளும் காலியாகக் கிடந்தன.