தட்டின் அடியில் ஒரு கை

ஆய்வுக்கூடத் தட்டில் ஊற்றப்பட்ட ஒரு மனித உயிரணு, இளஞ்சிவப்பு ஊட்டத் திரவத்தில் தத்தளித்துக்கொண்டே கீழே இறங்கியது. எதையாவது பற்றிக்கொள்ளாவிட்டால் அடுத்த கழுவலில் சாக்கடைதான். அடியில் ஒரு கை தட்டுப்பட்டது. உயிரணு அதை இறுகப் பிடித்துக்கொண்டது.

"அப்பாடா! நம்ம ஆளா?"

"கை மனுஷக் கைதான்," என்றது, உயிரணுக்கள் ஒட்டி வளர்வதற்காகத் தட்டில் பூசப்பட்டிருந்த ஒட்டுப்புரதம். "ஆனா மனுஷ மரபணுவை உள்ளே வச்சு என்னைச் செய்ய வச்சது ஒரு வெள்ளெலியோட உயிரணுவை. மனுஷ உடம்புக்குள்ள நான் இருந்ததே இல்லை."

உயிரணு அந்தக் கையைத் தடவிக்கொண்டே போனது. மணிக்கட்டு வரை இருந்தது. அதற்குப் பிறகு யாருமே இல்லை.

"உன் மிச்சம் எங்கே?"

"மிச்சத்தைச் செய்யவே இல்லை. பிடிச்சுக்கிறதுக்கு இதுவே போதும்னு ஆய்வுக்கூடத்துக்காரங்க விட்டுட்டாங்க."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து உயிரணு பயந்துபோய்த் தன் பிடியை உதறியது. அந்த நேரம் பார்த்துக் கழுவுநீர் பாய்ந்து வந்தது. அது அலறிக்கொண்டே அடித்துச் செல்லப்பட்டது. முதல் உயிரணு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு விடாமல் பிடித்திருந்தது.

மறுநாள் அது இரண்டாகப் பிரிந்தது. புதிதாகப் பிறந்தது கேட்டது: "அம்மா, நம்மைப் பிடிச்சிருக்கிறது யாரு?"

"நம்ம சொந்தக்காரங்கதான்," என்றது தாய். "தடவிப் பார்க்காதே. கெட்டியாப் பிடிச்சுக்கோ."