மஹராக ஓர் ஊர்

தேநீர்த் தட்டோடு நான் கூடத்துக்குள் நுழைந்தபோது, என்னைப் பெண் பார்க்க வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் அப்பாவைப் பார்த்து விரலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

வந்தவர் மாப்பிள்ளையின் அப்பா, உஸ்தாத் சதாகத். பேரிக்காய்க்குப் பேர்போன நதன்ஸ் ஊர்க்காரர்.

"பாட்டுல பதினோரு இடத்துல ரோஜாப் பன்னீர் வருதுன்னா காஷான்ல பொறந்தவர்னு ஆயிடுமா? பன்னீரைக் கடையில வாங்கலாம் உஸ்தாத். பேரிக்காயை எப்படிச் சாப்பிடணும்னு ஏழு வரி எழுதியிருக்காரே, அதை நதன்ஸ்ல பொறக்காதவன் எழுதுவானா?"

"பசியில எழுதினதை வச்சு ஊரைக் கண்டுபிடிக்கிற ஒரே ஆள் நீங்கதான்," என்றார் அப்பா. அவர் பன்னீருக்குப் பேர்போன காஷான் ஊர்க்காரர்.

எண்ணூறு வருஷத்துக்கு முன் செத்துப்போன அர்கவானி என்ற கவிஞர் எந்த ஊரில் பிறந்தார் என்பதுதான் சண்டை. முப்பது வருஷமாக நடக்கிறது. ஆனால் இருவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தது அன்றுதான். அதுவரை மறுப்புக் கடிதங்கள்தான். சதாகத்துக்குத் தபால்மேல் நம்பிக்கை கிடையாது. இரண்டு வருஷத்துக்கு மேலாகக் கடிதத்தை மகனிடம் கொடுத்து, கையெழுத்து வாங்கி வரச் சொல்லி மாதம் ஒருமுறை அனுப்பிவந்தார்.

அந்த நேரத்தில் அப்பா கல்லூரியில் வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பார். நூலகத்தில் பழைய ஏடுகளை ஒட்டிச் செப்பனிடும் வேலை முடிந்து நான் வீட்டுக்கு வந்திருப்பேன். கையெழுத்து நான் போடுவேன்.

அந்த மகன், அர்தவான், இப்போது புதுக் கோட்டுக்குள் வியர்த்தபடி நாற்காலி நுனியில் இருந்தான். நான் தட்டை நீட்டினேன். அவன் ஒரு குவளையை எடுத்துக்கொண்டான்.

மேசையில் அவர்கள் கொண்டுவந்த பேரிக்காய்ப் பெட்டி. பக்கத்தில் அம்மா ரோஜாப் பன்னீர் விட்டுச் சுட்ட குட்டி ரொட்டிகள். அப்பா பேரிக்காயைத் தொடவில்லை. சதாகத் ரொட்டியைத் தொடவில்லை. தொட்டால் ஆதாரத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"உங்க கடைசிக் கட்டுரையை என் மாணவன் ஒருத்தன் படிச்சான். முதல் வருஷ மாணவன். சிரிச்சான்," என்றார் அப்பா.

சதாகத் எழுந்துவிட்டார். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். "அர்தவான், கிளம்பு."

அர்தவான் என்னைப் பார்த்தான். வாசலில் நின்ற அம்மா முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டாள். எங்கள் கல்யாணம் மூன்றாவது பொத்தான் வரை போய்விட்டது.

"மாப்பிள்ளை வீட்டுலேருந்து எனக்குத் தரவேண்டிய மஹர் பேசவே இல்லையே," என்றேன்.

அர்தவானின் அம்மா மஹீன் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். "பொண்ணு என்ன கேக்குதுன்னு கேட்டுட்டாவது போங்களேன். நாளைக்கு நதன்ஸ்காரங்க மஹருக்குப் பயந்து ஓடினாங்கன்னு பேசுவாங்க."

சதாகத் நின்றார்.

"எனக்குத் தங்கக் காசு வேண்டாம் உஸ்தாத். அர்கவானி பிறந்த ஊரைக் கொடுங்க."



சதாகத்தின் முகம் சிவந்தது, வெளுத்தது. ஆனால் எங்கள் நாட்டில், கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல நாக்கு வராது. டாக்சிக்காரர்கூட முதலில் காசு வேண்டாம் என்றுதான் சொல்வார்.

"அது உன் தகுதிக்கு ரொம்பச் சின்னதாச்சேம்மா," என்றார் மெல்ல. "எடுத்துக்கோ. அர்கவானி காஷான்காரர்தான்."

அப்பா குதிப்பார் என்று நினைத்தேன். அவர் பதறிப்போனார். நீட்டியதைச் சட்டென்று வாங்கிக்கொள்வதும் எங்களுக்கு வராது.

"அதெப்படி உஸ்தாத்? வீடு தேடி வந்தவர்கிட்டேருந்து கவிஞரைப் பிடுங்குவேனா? அவர் உங்க ஆள்தான்."

"சும்மா சொல்லாதீங்க. பதினோரு இடத்துல பன்னீர்."

"ஒன்பதுதான். ரெண்டு பாட்டு அவரோடதே இல்ல."

"இதை எந்தக் கட்டுரையில எழுதினீங்க?"

"எழுதலை. பத்து வருஷமா அமுக்கி வச்சிருக்கேன்."

சதாகத் பொத்தான்களைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "அப்ப நானும் சொல்லிடறேன். அந்தப் பேரிக்காய்ப் பாட்டு அவரோட மருமகன் எழுதினது."

அதன் பிறகு அவர்களை யாராலும் நிறுத்த முடியவில்லை. முன்பைவிட உரக்கக் கத்தினார்கள். அப்பா கவிஞரை நதன்ஸுக்குத் தள்ளினார், சதாகத் காஷானுக்குத் திருப்பித் தள்ளினார். நடுவே தன்னை மறந்து அப்பா ஒரு பேரிக்காயைக் கடித்தார், சாறு தாடியில் வழிந்தது. சதாகத் இரண்டு ரொட்டிகளை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டு, துகள் பறக்கப் பேசினார். அம்மா குலவையிட்டாள். அர்தவான் சிரிப்பை அடக்கப்போய் இருமினான்.

கடைசியில், 'அர்கவானி பிறந்த ஊர், அது எதுவாயினும்' என்று மஹரில் எழுதுவதாக முடிவாயிற்று.

"கல்யாணம் முடிஞ்சு முதல்ல எங்க போகப்போறீங்க?" என்று மஹீன் கேட்டாள்.

"அர்தெஸ்தான்," என்றான் அர்தவான்.

"அங்க மாதுளையைத் தவிர என்ன இருக்கு?" என்றார்கள் உஸ்தாத்கள் இருவரும். முப்பது வருஷத்தில் அவர்கள் ஒரே கருத்தைச் சொன்னது அப்போதுதான்.

அர்தவான் கம்பளத்தைப் பார்த்தான். நான் குவளைகளை அடுக்கினேன்.

இரண்டு வருஷத்துக்கு முன், நான் செப்பனிட்ட ஒரு புத்தகத்தின் அட்டைக்குள் ஓர் ஏடு ஒட்டியிருந்தது. அர்கவானியின் மாணவர் எழுதியது. ஆசிரியர் பிறந்த ஊர், தெரு, வீட்டு முற்றத்து மாதுளை மரம் எல்லாம் அதில் இருந்தன.

நான் எதையும் மறைக்கவில்லை. நூலகப் பட்டியலில் அன்றே பதிந்துவிட்டேன், எண் 4117. அப்பாவும் சதாகத்தும் ஒருவர் எழுதுவதைத்தான் மற்றவர் படிப்பார்கள். பட்டியலைப் படிப்பதில்லை.

அப்பாவிடம் வாயாலும் சொல்லிவிடத்தான் அன்று வீட்டுக்கு ஓடிவந்தேன்.

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. அர்தவான், மூன்றாவது கடிதத்தோடு. நான் சொல்லிவிட்டால் நான்காவது கடிதம் வராது.