இரவல் சேலை

“மறுபடியும் அதே கத்திரிப்பூக் கலரா? அலமாக்! மலரு, கல்யாணத்துக்கும் இதான், காதுகுத்துக்கும் இதான். ஒரு புதுசு எடுத்தா என்ன லா?”

மலேசியாவின் மாசாய் ஊர் முழுக்கக் கேட்கும்படி கேட்பாள் சுபத்ரா. பக்கத்து வீட்டு மலர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவாள்.

சுபத்ராவுக்கு விசேஷத்துக்கு ஒரு சேலை. படம் ஃபேஸ்புக்கில் ஏறிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. தீபாவளிக்கு முன்னால் அலமாரியை ஒழித்து, மூட்டை கட்டி, மலரின் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பிவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவள்தான் குடியிருப்புச் சங்கத்தின் மகளிர் தலைவி. ‘துணிக் கழிவைக் குறைப்போம்’ கூட்டத்தில் முதல் பேச்சும் அவளுடையதே. பேச்சை மனப்பாடம் செய்து முடித்த நேரம் பார்த்துச் செயலாளர் கமலநாதன் போன் செய்தார்.

“மேடம், பேசறவங்க எல்லாரும் அஞ்சு வருஷமாச்சும் கட்டுன சொந்தத் துணியில வரணும். மேடையில அதைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும்.”

சுபத்ரா போனை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தாள். இருந்ததில் மூத்த சேலைக்கே வயது எட்டு மாதம். முந்நூறு பேருக்கு முன்னால் மானம் போய்விடுமே!

நேராக மலர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“மலரு, உன் கத்திரிப்பூச் சேலையை ஒருநாள் குடேன்.”

மலர் ஏன் என்று கேட்கவில்லை. மடித்து வைத்திருந்ததை எடுத்து நீட்டினாள்.

“ஆறு வருஷமா கட்டுறேன்க்கா. முந்தானை நைஞ்சிருக்கு, ஊசி பார்த்துக் குத்துங்க.”

மேடையில் சுபத்ரா பொரிந்து தள்ளினாள். ஒரு டீ-சட்டைக்கு எத்தனை ஆயிரம் லிட்டர் தண்ணீர், சாயக் கழிவால் ஆறுகள் படும் பாடு, ஒன்றையும் விடவில்லை. கடைசியில் முந்தானையைத் தூக்கிக் காட்டினாள்.

“இது என் சொந்தச் சேலை. ஆறு வருஷமாச்சு. தூக்கிப் போட மனசே வரல!”

கைதட்டல் அடங்குவதற்குள் பின்வரிசையில் ஒரு பெண் கத்தினாள்.

“அட, அது நம்ம மலரு சேலையாச்சே! நாங்க பார்க்காததா?”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. சுபத்ரா தூக்கிய முந்தானையை அவசரமாகக் கீழே விட்டாள். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

மலர் எழுந்தாள்.

“எதுக்குச் சிரிக்கிறீங்க? அது அக்கா சேலைதான். நான்தான் இத்தனை நாளா இரவல் கட்டிக்கிட்டிருந்தேன்.”

இந்த முறை கைதட்டல் இரண்டு மடங்கு. கூட்டம் முடிந்ததும் சுபத்ரா ஓடிவந்து மலரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

“எனக்காகப் பொய் சொல்லி என் மானத்தைக் காப்பாத்திட்டியே!”

“பொய்யா?” மலர் முந்தானையைத் திருப்பி, ஓரத்தில் இருந்த சின்னக் குழம்புக் கறையைக் காட்டினாள். “உங்க தம்பி கல்யாணத்துல நீங்க கட்டியிருந்தப்போ பட்டதுக்கா. இதுக்காகத்தானே அந்த வருஷம் மூட்டையில போட்டு என்கிட்ட குடுத்து அனுப்பினீங்க?”